மூன்றாம் பக்கத்தையும் வாசித்துச் சொல்லுங்கள்

குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்யும் மருத்துவர்களுக்கும், எடுத்த கட்டியை நுண்ணோக்கியில் பார்க்கும் பேத்தாலஜி மருத்துவர்களுக்கும், அதன் பிறகு மருந்து எழுதும் புற்றுநோய் மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

என் முன்னால் ஒரு பழைய ஃபைல் இருக்கிறது. என் அண்ணனுடையது. அவருக்கு 43 வயதில் பெருங்குடலின் வலப்பக்கத்தில் கட்டி வந்து அறுவை செய்து எடுத்தார்கள். எடுத்த கட்டியைப் பற்றிய பேத்தாலஜி ரிப்போர்ட் மூன்று பக்கம். முதல் பக்கத்தில் கட்டியின் அளவு, வகை. இரண்டாம் பக்கத்தில் எத்தனை நிணநீர்க் கணுக்களைப் பார்த்தார்கள், எதிலாவது பரவியிருக்கிறதா என்ற விவரம். இந்த இரண்டு பக்கத்தையும் மருத்துவர் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். மூன்றாம் பக்கத்தில் நான்கே வரி. எம்எல்எச்1: இல்லை. பிஎம்எஸ்2: இல்லை. எம்எஸ்எச்2: இருக்கிறது. எம்எஸ்எச்6: இருக்கிறது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கெட்டது ஏதோ 'இல்லை' என்று வந்திருக்கிறது, நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டோம்.

ஆறு ஆண்டுகள் கழித்து என் அக்காவுக்குக் குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. அப்போது அவருக்கு 52 வயது. இரத்தசோகை என்று மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது கல்லீரலிலும் இரண்டு இடத்தில் தெரிந்தது.

இந்த முறை வேறு மருத்துவமனை. அங்கே ஓர் இளம் மருத்துவர், நான் பேச்சுவாக்கில் அண்ணனைப் பற்றிச் சொன்னதும், எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு, "அவருடைய ரிப்போர்ட் வீட்டில் இருக்கிறதா?" என்று கேட்டார். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் இரண்டு பக்கத்தை அவர் பார்க்கவேயில்லை. நேராக மூன்றாம் பக்கத்துக்குப் போனார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "இதை உங்களிடம் யாரும் சொல்லவில்லையா?" என்றார்.

யாரும் சொல்லவில்லை. அந்த முதல் மருத்துவமனையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அண்ணனுக்கு அறுவை செய்தவர் கைராசிக்காரர். அவரால்தான் அண்ணன் இன்று நடமாடுகிறார். பரிசோதனையையும் செய்திருக்கிறார்கள், விடையும் சரியாகவே வந்திருக்கிறது. "உடன்பிறந்தவர்களையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்" என்ற ஒரே ஒரு வாக்கியம்தான் யார் வாயிலிருந்தும் வரவில்லை. புற்றுநோய் மருத்துவர் சொல்லுவார் என்று அறுவை மருத்துவர் விட்டிருக்கலாம். அறுவை மருத்துவர் சொல்லியிருப்பார் என்று புற்றுநோய் மருத்துவர் நினைத்திருக்கலாம். ரிப்போர்ட்டில் எழுதிவிட்டோமே என்று பேத்தாலஜி மருத்துவர் இருந்திருக்கலாம். மூன்று பேருமே தங்கள் வேலையைச் சரியாகச் செய்து, அந்த மூன்றுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் என் அக்கா விழுந்தார்.

அந்த இடைவெளியைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. இந்த நான்கு வரியைப் புரிந்துகொள்ள இத்தனை நாளாக வாசித்து, கேட்டு, தெரிந்துகொண்டதை வைத்துப் பேசுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்வது போலிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் குடும்பம் இதை எப்படிப் புரிந்துகொள்கிறது என்று நீங்கள் கேட்பதும் நல்லதுதான்.

ஒரு செல் இரண்டாகும்போது, அதன் டி.என்.ஏ.வில் இருக்கும் ஏறக்குறைய 600 கோடி எழுத்துகளையும் படியெடுக்க வேண்டும். ஏட்டைப் பார்த்து ஏடு எழுதுகிறவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஓரிடத்தில் ஓர் எழுத்து விட்டுப்போகும், ஓரிடத்தில் இரண்டு முறை விழும். டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதி எழுதும்போதே பெரும்பாலான பிழையைத் தானே அழித்துத் திருத்திக்கொள்ளும். அதையும் மீறி நழுவியதைப் பிடிக்கத்தான் ரிப்போர்ட்டில் இருந்த இந்த நான்கு புரதங்கள். எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 இரண்டும் ஜோடி சேர்ந்து இழையின் மேலேயே நகர்ந்து, எழுத்து பொருந்தாத இடத்தைக் கண்டுபிடிக்கும். எம்எல்எச்1, பிஎம்எஸ்2 என்ற இன்னொரு ஜோடி அங்கே வந்து, புதிதாக எழுதிய இழையில் வெட்டுப் போடும். பிழையான துண்டு நீங்கி, சரியான எழுத்துகளால் அந்த இடம் நிரம்பும். பாக்டீரியாவில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று படிப்படியாகப் பிரித்துக் காட்டியதற்காகத்தான் பால் மோட்ரிச்சுக்கு 2015இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அண்ணனின் ரிப்போர்ட்டில் ஏன் இரண்டு 'இல்லை' என்று புரிந்தது. எம்எல்எச்1 இல்லாவிட்டால் அதன் ஜோடியான பிஎம்எஸ்2 தனியாக நிலைக்காது, சிதைந்துபோகும். கெட்டது ஒன்று, காணாமல் போனது இரண்டு.

திருத்துகிறவர் இல்லாத செல்லில் பிழை நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு வேகத்தில் சேரும். ஒரே எழுத்து வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும் இடங்களில்தான் முதலில் சறுக்கும். நிறைய 'அ'னாவை ஒரே வரியில் எழுதிக்கொண்டே போனால் எத்தனை எழுதினோம் என்று கணக்கு விட்டுப்போவதைப் போல. டிஜிஎஃப்பிஆர்2 என்ற மரபணுவில் 'ஏ' என்ற எழுத்து தொடர்ந்து பத்து முறை வருகிறது. செல் அளவுக்கு மீறி வளராமல் பிடித்துவைக்கும் மரபணு அது. பத்து ஒன்பதானால் பிரேக் போய்விட்டது என்று அர்த்தம். குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னையே புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. அத்தனை முறை படியெடுக்கும் இடத்தில் திருத்துகிறவர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. குடல் சுவரில் முளைக்கும் பாலிப் என்ற சின்னச் சதை வளர்ச்சி புற்றுநோயாக மாறச் சாதாரணமாகப் பத்து ஆண்டுபோல ஆகும். இங்கே இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே மாறிவிடலாம்.

இந்தப் புரதங்களை உண்டாக்கும் மரபணு ஒவ்வொன்றும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கிறது, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஒன்று பிறவியிலேயே பழுதாக வந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். குழந்தை நன்றாகவே பிறக்கும், நன்றாகவே வளரும். எப்போதோ ஒரு நாள், ஏதோ ஒரு செல்லில் அந்த நல்ல பிரதியும் கெடும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. இதற்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர். பழுதான பிரதி பிள்ளைக்குப் போக வாய்ப்பு சரிபாதி. ஏறத்தாழ 280 பேரில் ஒருவர் இப்படிப்பட்ட ஒரு மாற்றத்தைச் சுமக்கிறார் என்பது ஒரு மதிப்பீடு. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது தெரியாது. ஆறு ஆண்டு எங்களுக்குத் தெரியாமல் இருந்ததைப் போல.

அந்த இளம் மருத்துவர் ஒரு நாள் என்னைப் பேத்தாலஜி அறைக்கு அழைத்துப்போனார். அண்ணனின் கட்டியிலிருந்து வெட்டிய தகடு அது. எடுத்த திசுவை மெழுகில் பதித்துவைத்திருந்த மெழுகுக்கட்டியைப் பழைய மருத்துவமனையிலிருந்து வாங்கி மறுபடியும் சாயமேற்றியிருந்தார்கள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. வெளிர்நீலப் புள்ளிகள் கூட்டம் கூட்டமாக, வட்டம் வட்டமாக. "அந்த வட்டத்துக்கு வெளியே பாருங்கள்" என்றார். வெளியே சின்னச் சின்னதாகப் பழுப்புப் புள்ளிகள். காப்பிப்பொடி தூவியதைப் போல அழுத்தமான பழுப்பு. அவை அண்ணனின் சாதாரண வெள்ளணுக்கள். அவற்றில் எம்எல்எச்1 புரதம் இருப்பதால் சாயம் பிடித்திருக்கிறது. நீல வட்டங்கள் கட்டி. அங்கே புரதமே இல்லாததால் பழுப்பு ஏறவில்லை. பக்கத்துப் பக்கத்தில், ஒரே மனிதனின் செல்கள், ஒன்றில் இருக்கிறது, ஒன்றில் இல்லை. எந்தப் படிப்பும் இல்லாத என் கண்ணுக்கே அது பளிச்சென்று தெரிந்தது. ஆறு ஆண்டு முன்னால் வேறொருவர் இதையேதான் பார்த்து, "இல்லை" என்று எழுதி, கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அண்ணனுக்கு நோய் வந்தபோது, "குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் உண்டா?" என்று கேட்டார்கள். இல்லை என்றோம். அது உண்மைதான். எங்கள் அம்மா 48 வயதில் கருப்பைப் புற்றுநோயில் போனவர். அதை ஏன் சொல்லப்போகிறோம்? குடலுக்கும் கருப்பைக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? லிஞ்ச் சிண்ட்ரோமில் குடலுக்கு அடுத்தபடி கருப்பையின் உட்சுவர்தான் பாதிக்கப்படுகிறது, பல பெண்களுக்கு முதலில் வருவதே அங்கேதான் என்று இப்போது தெரிகிறது. சினைப்பை, இரைப்பை, சிறுகுடல், சிறுநீர்க்குழாய் என்று இன்னும் பல இடமும் உண்டு. கேள்வி கொஞ்சம் அகலமாக இருந்திருந்தால் எங்கள் பதிலும் வேறாக இருந்திருக்கும். "அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள், அவர்கள் வழியில் யாருக்காவது எந்தப் புற்றுநோயாவது வந்ததா, எத்தனை வயதில்?" என்று கேளுங்கள். அதிகம் போனால் இரண்டு நிமிடம் ஆகும்.

இந்த நோயின் கதையே அப்படிக் காதுகொடுத்துக் கேட்டதில்தான் தொடங்கியது. 1895இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆல்டிரட் வார்த்தின் என்ற பேத்தாலஜி மருத்துவரிடம், தையல் வேலை செய்யும் ஒரு பெண், தானும் சிறு வயதிலேயே புற்றுநோயில்தான் சாகப்போகிறேன் என்று சொன்னார். என் குடும்பத்தில் எல்லோரும் வயிற்றிலோ குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் வந்துதான் போகிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். வார்த்தின் அதை ஒரு பயந்த பெண்ணின் பேச்சு என்று ஒதுக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் வரலாற்றைத் தேடித் தேடி எழுதிவைத்து, 1913இல் வெளியிட்டார். அந்தப் பெண் சொன்னபடியே கருப்பைப் புற்றுநோயில் இறந்தார். பல பத்தாண்டுகள் கழித்து, 1966இல், ஹென்றி லிஞ்ச் என்ற மருத்துவர் இதே போன்ற குடும்பங்களைப் பற்றி எழுதினார். பிறகு வார்த்தினின் குடும்பத்தையும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இது பரம்பரையாக வருவது என்பதை நம்ப அப்போது பலரும் தயாராக இல்லை. 1993இல் எம்எஸ்எச்2, 1994இல் எம்எல்எச்1 மரபணுக்கள் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் விவாதம் அடங்கியது. தையல்காரப் பெண் சொன்னதை மருத்துவ உலகம் முழுதாக ஒப்புக்கொள்ள ஏறக்குறைய நூறு ஆண்டு ஆயிற்று.

குடும்ப வரலாற்றை மட்டும் நம்பினாலும் போதாது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆம்ஸ்டர்டாமில் வகுத்து 1991இல் வெளியான விதி, மூன்று உறவினருக்கு நோய், இரண்டு தலைமுறை, ஒருவராவது 50 வயதுக்குக் கீழே என்று கேட்டது. அப்போது குடல் புற்றுநோய் மட்டும்தான் கணக்கு. கருப்பையைச் சேர்த்தது 1999இல்தான். இன்று ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை என்று குடும்பங்கள் சுருங்கிவிட்ட நிலையில் மூன்று உறவினருக்கு எங்கே போவது? அதனால்தான் வந்த கட்டி ஒவ்வொன்றையும் பரிசோதித்துவிடுவதே சரி என்ற முடிவுக்குப் பலர் வந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2009இல் ஒரு நிபுணர் குழு இதைப் பரிந்துரைத்தது. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2017இல் குடல் புற்றுநோய் வந்த எல்லோருக்கும் என்றே சொல்லிவிட்டது. இதற்குப் புதிதாக ஊசி குத்த வேண்டாம், நோயாளி மறுபடி வர வேண்டாம். மெழுகுக்கட்டி உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. நான்கு சாயம், அவ்வளவுதான்.

'இல்லை' என்று வந்தாலே பரம்பரை நோய் என்று ஆகிவிடாது என்பதும் தெரியும். குடல் புற்றுநோய்களில் நூற்றுக்குப் பதினைந்து போல இந்தத் திருத்தும் வேலை நின்றுபோனவை. அவற்றில் பெரும்பாலானவை வயதானவர்களிடம் எம்எல்எச்1 மரபணு கட்டிக்குள் மட்டும் மூடிக்கொண்டதால் வருபவை, பிள்ளைகளுக்குப் போகாதவை. பிஆர்ஏஎஃப் மரபணுவில் அதற்கே உரிய ஒரு மாற்றம் இருக்கிறதா, எம்எல்எச்1இன் வாசலில் மரபணுவை மூடிவிடும் மெத்தில் என்ற வேதிப் பூட்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்தால் இரண்டையும் பெரும்பாலும் பிரித்துவிடலாம். எல்லாம் கழித்துப் பார்த்தால், குடல் புற்றுநோய் வந்த 100 பேரில் சுமார் 3 பேர் லிஞ்ச். சின்ன எண்தான். ஆனால் அந்த மூன்று பேர் ஒவ்வொருவருக்கும் பின்னால் அண்ணன், தங்கை, பிள்ளை, சித்தி என்று ஒரு வரிசை நிற்கிறது. அந்த வரிசைக்குத் தான் அங்கே நிற்பதே தெரியாது.

தெரிந்தால் என்ன செய்ய முடியும் என்று ஒரு மருத்துவரே என்னிடம் கேட்டிருக்கிறார். வீணாகப் பயமுறுத்துவானேன் என்ற நல்லெண்ணத்தில் கேட்டார் என்றுதான் நம்புகிறேன். அவருக்கு அன்று சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. இங்கே சொல்கிறேன்.

பின்லாந்தில் பதினைந்து ஆண்டு தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வின் முடிவு 2000இல் வந்தது. இந்த நோய் உள்ள 22 குடும்பங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி செய்துகொண்டவர்கள் 133 பேர், செய்துகொள்ளாதவர்கள் 119 பேர். செய்துகொண்டவர்களில் 8 பேருக்குக் குடல் புற்றுநோய் வந்தது, செய்துகொள்ளாதவர்களில் 19 பேருக்கு. குடல் புற்றுநோயால் இறந்தவர்கள் இந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. அந்தப் பக்கம் 9 பேர். இன்று எம்எல்எச்1, எம்எஸ்எச்2 மாற்றம் உள்ளவர்களுக்கு 25 வயதையொட்டியே ஆரம்பித்து, ஓராண்டு அல்லது இரண்டாண்டுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள். அண்ணனுக்கு அறுவை நடந்தபோது அக்காவுக்கு 46 வயது. அன்றிலிருந்து இரண்டாண்டுக்கு ஒருமுறை பார்த்திருந்தால் மூன்று முறை பார்த்திருக்கலாம். இந்தக் கணக்கை நான் எத்தனை இரவு போட்டுப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

அக்காவுக்கு இரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்து எம்எல்எச்1இல் மாற்றம் உறுதியானதும், நானும் தம்பியும் இரத்தம் கொடுத்தோம். தம்பிக்கு இல்லை. எனக்கு இருக்கிறது. என் முதல் கொலனோஸ்கோபியில் பட்டாணி அளவில் ஒரு பாலிப் இருந்தது, அங்கேயே எடுத்துவிட்டார்கள். திரையில் நானே பார்த்தேன். ஒரு வளையம் அதன் கழுத்தைச் சுற்றி இறுகியது, கொஞ்சம் வெளுத்தது, உதிர்ந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அக்கா என்னிடம், "உனக்கு ஆச்சு, விடு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஆஸ்பிரின் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நியூகாசிலைச் சேர்ந்த ஜான் பர்ன் நடத்திய ஆய்வில் லிஞ்ச் உள்ள 861 பேருக்கு, ஒரு பாதிக்குத் தினமும் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின், மறுபாதிக்குப் போலி மாத்திரை என்று இரண்டாண்டு வரை, சிலருக்கு அதற்கு மேலும் கொடுத்தார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது குடல் புற்றுநோய் வந்தவர்கள் ஆஸ்பிரின் பக்கம் 9 சதவீதம், மறுபக்கம் 13 சதவீதம். இரத்தக்கசிவு ஆபத்தும் அதில் உண்டு, எல்லோருக்கும் ஒத்துவராது. நீங்கள் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. ஆனால் முடிவு செய்வதற்கு முதலில் யாருக்கு லிஞ்ச் என்று தெரிய வேண்டுமே.

பெண்களிடம் பேசும்போது குடலோடு நிறுத்திவிடாதீர்கள் என்று குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைப்பேறு முடிந்த பிறகு கருப்பையை எடுத்துவிடலாமா என்பது ஒவ்வொரு பெண்ணும் யோசித்து எடுக்க வேண்டிய முடிவு. மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தம் பட்டால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். அம்மா எட்டு மாதம் தள்ளிப்போட்டார்.

இந்த நான்கு வரி நோயாளிக்கே உதவுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். திருத்தப்படாத பிழைகள் குவிந்த கட்டி, உடம்பின் காவல் அணுக்களுக்கு வேற்று ஆளாகவே தெரியும். அவற்றைத் தடுத்துவைத்திருக்கும் பூட்டைத் திறந்துவிட்டால் அவையே தாக்கும். பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தை 2017இல் அமெரிக்க மருந்து ஆணையம் அனுமதித்தபோது, கட்டி உடம்பில் எங்கே வந்தது என்று பார்க்காமல், பிழை திருத்தும் வேலை நின்றுபோன இந்தக் குறைபாடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து அனுமதித்தது. அப்படி ஓர் அனுமதி அதுவே முதல் முறை. 2022இல் நியூயார்க்கில் மலக்குடல் புற்றுநோயும் இந்தக் குறைபாடும் இருந்த 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற மருந்தை மட்டும் கொடுத்ததில், 12 பேருக்குமே கட்டி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. என் அக்கா இன்று மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெம்ப்ரோலிசுமாப் ஏற்றிக்கொள்கிறார். கல்லீரலில் இருந்த இரண்டில் ஒன்று இப்போது ஸ்கேனில் இல்லை. மற்றது சுருங்கியிருக்கிறது. இந்த மருந்தும் வந்து, அந்த மூன்றாம் பக்கத்தைப் படித்த ஒரு மருத்துவரும் கிடைத்ததால்தான் அக்கா எங்களோடு இருக்கிறார். வராமலேயே தடுத்திருக்க முடியும் என்பது அதனால் மாறிவிடவில்லை.

எண்களைச் சொல்லும்போது எந்த மரபணு என்று பார்த்துச் சொல்லுங்கள். எம்எல்எச்1, எம்எஸ்எச்2 என்றால் 75 வயதுக்குள் குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பது, ஐம்பது. எம்எஸ்எச்6இல் அது வெகுவாகக் குறைவு. பிஎம்எஸ்2இல் நூற்றுக்குப் பத்துப் போலத்தான். நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே பயத்தைக் கொடுப்பது சரியில்லை.

நான்கு சாயமும் நன்றாக இருந்துவிட்டால் விஷயம் முடிந்தது என்றும் இல்லை. டி.என்.ஏ.வில் வேறு வகைப் பழுதைத் திருத்தும் மரபணுக்களும் உண்டு. எம்யூடிஒய்எச் என்ற ஒன்று, ஆக்சிஜன் பட்டுக் கெட்ட 'ஜி' எழுத்துக்கு எதிரே தப்பாக வந்து உட்காரும் 'ஏ'வை அகற்றும். அதன் இரண்டு பிரதியும் கெட்டால் குடலில் பாலிப்புகள் பத்து, இருபது, நூறு என்று வரும்; இதை 2002இல் கார்டிஃபில் கண்டுபிடித்தார்கள். இதில் பெரும்பாலும் தாய்க்கும் தந்தைக்கும் நோய் இருக்காது, உடன்பிறந்தவர்களுக்குள் மட்டும் வரலாம். அதனால், "உங்கள் பெற்றோருக்கு இல்லையே, அப்படியென்றால் பரம்பரை இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

மரபணுப் பரிசோதனையில் சிலருக்கு, மாற்றம் இருக்கிறது, ஆனால் அது கெட்டதா இல்லையா என்று இப்போதைக்குத் தெரியாது என்று விடை வரும். பதிவேடுகளில் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவே மிகுதியாக இருப்பதால் மற்றவர்களுக்கு இந்த 'தெரியாது' கூடுதலாக வருகிறது. அப்படி வந்தால் அதை வைத்து உறவினரைப் பரிசோதிக்கவும் வேண்டாம், உறுப்பை எடுக்கவும் வேண்டாம். ஆனால் நாளை அந்த விடை மாறும்போது எங்களைத் தேடிச் சொல்ல ஒரு தொலைபேசி எண்ணையாவது குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

சரி, யார் உறவினர்களிடம் சொல்வது? நோயாளியின் ரகசியம் காக்க வேண்டியவர் நீங்கள். என் சித்தியை நீங்களாகக் கூப்பிட்டுப் பேச முடியாது. அதனால் பொறுப்பு நோயாளி தலையில் விழுகிறது. வயிற்றில் தையலோடு, கீமோ களைப்போடு இருக்கும் ஒருவர் ஒவ்வொரு உறவினராகக் கூப்பிட்டு, "உனக்கும் வரலாம்" என்று சொல்ல வேண்டும். அண்ணன் இரண்டு பேரிடம் முயன்றார். ஒருவர் அழுதார், இன்னொருவர் பேச்சை மாற்றினார். அதோடு அவர் விட்டுவிட்டார். "என்னால் அவர்களுக்கு இது வந்த மாதிரி இருக்குடா" என்றார். அவர் தப்பு அதில் கடுகளவும் இல்லை, ஆனால் அந்த இடத்தில் அவரைத் தனியாக நிற்கவைத்தது தப்பு.

எங்களுக்கு ஒரு கடிதம் கொடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். விடை உறுதியான அன்றே, உங்கள் கையெழுத்தோடு, நோயாளி உறவினர்களிடம் கொடுக்கக்கூடிய ஒரே ஒரு பக்கம். அக்காவுக்கு அந்த இளம் மருத்துவர் எழுதிக்கொடுத்ததில் இப்படி இருந்தது:

"இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவரின் இரத்த உறவினர் ஒருவருக்கு எம்எல்எச்1 மரபணுவில் நோய் தரும் மாற்றம் உறுதியாகியுள்ளது. மாற்றத்தின் குறியீடு கீழே உள்ளது. கொண்டுவருபவரிடமும் அது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்த ஓரிடத்தை மட்டும் பார்க்கும் இரத்தப் பரிசோதனை போதும். இல்லை என்று வந்தால் அவருக்கும் அவர் வழியில் பிள்ளைகளுக்கும் இதற்கான தனிக் கண்காணிப்பு தேவையில்லை. இருக்கிறது என்று வந்தால் கொலனோஸ்கோபி தொடங்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இப்போது பரிசோதனை வேண்டாம். பரிசோதிப்பதும் வேண்டாம் என்பதும் அவருடைய விருப்பம். அவசரப்படுத்த வேண்டாம். கேள்வி இருந்தால் கீழே உள்ள எண்ணில் கேட்கலாம்."

இதில் நூறு சொல்கூட இல்லை. நாங்கள் மணிக்கணக்கில் பேசியும் சொல்ல முடியாததை அது சொல்லியது. பேசுவது நாங்களாக இல்லாமல், வெள்ளைத்தாளில் ஒரு மருத்துவராக இருந்ததால் யாரும் எங்கள் மேல் கோபப்படவும் இல்லை. சித்தி முதலில் போனார், அவருக்கு இருக்கிறது. அவர் மகன் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பிறகு பார்க்கிறேன் என்று போனவன்தான். மூன்று மாதம் சத்தமே இல்லை. போன வாரம் இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டான். "அண்ணா, அந்தப் பேப்பர் கிழிஞ்சு போச்சு, அந்தக் குறியீட்டை மட்டும் படிச்சுச் சொல்லுங்க, நாளைக்கு இரத்தம் கொடுக்கப் போறேன்" என்றான். எழுத்து எழுத்தாகப் படித்துச் சொன்னேன். அவன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டான்.

நன்றியுடன்,
உங்கள் நோயாளிகளின் கூடப்பிறந்தவன் ஒருவன்